ஒரு போர்க்கப்பலின் பணிக்கணக்கை எழுதுவது எப்படி: 'எரோ'வின் 1,100 நாட்கள்

என் அப்பா கடலூர் முதுநகரில் ஒரு தோணி முதலாளியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஒவ்வொரு தோணிக்கும் ஒரு நீளமான பேரேடு வைத்திருப்பார். தேதி, எங்கே நின்றது, என்ன ஏற்றியது, ஆட்கள் எத்தனை பேர், என்ன பழுது என்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கும். தோணி கரையேறிப் பழுது பார்த்துக்கொண்டு கிடந்த நாளுக்கும் ஒரு வரி உண்டு. "சும்மா கிடந்த நாளை எழுதாவிட்டால் ஓடின நாளுக்குக் கணக்கு வராதும்மா" என்பார்.

புதுச்சேரியில் முப்பது வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பிறகு, 'எரோ' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் பணிக்கணக்கை எழுத உட்கார்ந்தேன். அப்போது நான் கையில் எடுத்தது அப்பாவின் முறையைத்தான். அந்த முறையை இங்கே சொல்கிறேன். உங்களுக்கு வேறொரு கப்பல் பிடித்திருக்கலாம். எந்தப் பழைய பாய்மரப் போர்க்கப்பலுக்கும் வழி ஏறக்குறைய இதுதான்.

ஏன் 'எரோ'? பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வீரன் என்று பொருள். 1778 டிசம்பர் இறுதியில் துலோன் துறைமுகத்தில் கடலில் இறக்கப்பட்ட 74 பீரங்கிக் கப்பல் அது. பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன் என்ற தளபதியின் கொடி அதில் பறந்தது. 1782, 1783 இரண்டு வருடங்களும் அது கடலூருக்கும் திருகோணமலைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. நாங்கள் சின்ன வயதில் விளையாடிய தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்றால் அது நங்கூரம் போட்ட கடல் கண்ணுக்கெதிரே விரியும்.

சுஃப்ரேன் 1781 மார்ச் 22 அன்று பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். 1784 மார்ச் 26 அன்று துலோனுக்குத் திரும்பினார். எண்ணிப் பார்த்தால் சரியாக 1,100 நாட்கள். அதில் பெரிய சண்டை நடந்தது ஆறே நாட்கள். பெரும்பாலோர் அந்த ஆறு நாட்களை மட்டும் எழுதிவிட்டு, கப்பலின் வரலாற்றை எழுதியதாக நினைத்துக்கொள்கிறார்கள். மீதி 1,094 நாட்களும் அந்தக் கப்பல் எங்கே இருந்தது, என்ன நிலையில் இருந்தது என்பதுதான் பணிக்கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எந்தக் கப்பல் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

இது சின்ன விஷயமாகத் தோன்றும். என் முதல் நோட்டுப் புத்தகத்தில் பாதியை நான் கிழித்துப் போட்டது இதனால்தான்.

பிரெஞ்சுக் கடற்படை ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைக்கும். சுஃப்ரேனின் கப்பலுக்கு முன்பே ஒரு 'எரோ' இருந்தது. 1759 நவம்பரில் கிபெரோன் விரிகுடாச் சண்டை முடிந்து, லெ குரோவாசிக் கரையில் தட்டி எரிந்துபோனது அது. பின்னால் வந்த இன்னொரு 'எரோ' 1805-இல் டிரபால்கரில் சண்டையிட்டு, 1808-இல் காதிஸ் துறைமுகத்தில் ஸ்பானியர்கள் கையில் சிக்கியது. நம் கப்பல் இந்த இரண்டுக்கும் நடுவில் வருவது.

இது போதாது என்று, எதிரியான ஆங்கிலேயர் படையிலும் ஒரு 'ஹீரோ' இருந்தது. அதுவும் 74 பீரங்கிக் கப்பல்தான். 1781 ஏப்ரல் 16 அன்று கேப் வெர்தே தீவுகளின் போர்த்தோ பிராயாவில் சுஃப்ரேன் பாய்ந்து தாக்கிய ஆங்கிலப் படையில் அது இருந்தது. அப்புறம் இந்தியக் கடலுக்கு வந்து, சென்னையில் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸின் படையோடு சேர்ந்துகொண்டது. ஆகவே இரண்டு 'வீரர்'களும் ஒரே சண்டையில் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள். ஆங்கிலக் கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் எந்தப் பக்கத்துக் கப்பல் என்று தெரியும்வரை எதையும் நோட்டில் ஏற்றாதீர்கள்.

'அனிபால்' கதை இன்னும் சிக்கல். சுஃப்ரேனிடம் 'அனிபால்' என்ற 74 பீரங்கிக் கப்பல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. போர்த்தோ பிராயாவில் அதன் பாய்மரங்கள் முறிந்தன, கேப்டன் திரெமிகோன் செத்துப்போனார். 1782 ஜனவரியில் 'ஹானிபல்' என்ற 50 பீரங்கி ஆங்கிலக் கப்பலைப் பிடித்து, அதே பெயரில் படையில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே படையில் இரண்டு அனிபால். அதனால் பிடிபட்டதைச் 'சின்ன அனிபால்' என்று அழைத்தார்கள். நான் முதலில் இரண்டையும் ஒன்றாக்கி, மரம் முறிந்த கப்பல் அடுத்த ஜனவரியில் பிடிபட்டதாக எழுதி வைத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கப்பலைத் தாங்களே பிடித்த கணக்காகிவிட்டது.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் நாலு விவரம் எழுதுங்கள்: பெயர், கடலில் இறங்கிய வருடம், கட்டிய துறைமுகம், பீரங்கி எண்ணிக்கை. நாலில் மூன்று விவரமாவது பொருந்தாத எந்தத் தாளையும் உங்கள் கப்பலுடையது என்று ஏற்காதீர்கள். புரட்சிக் காலத்துக் கப்பல் என்றால் ஐந்தாவதாகப் 'பழைய பெயர்' என்று ஒரு வரி விடுங்கள். 1798-இல் நைல் கழிமுகத்தில் வெடித்துச் சிதறிய 'ஒரியான்', பிறந்தபோது 'தொஃபேன் ரோயால்', அதாவது பட்டத்து இளவரசர். மன்னராட்சி போனதும் அந்தப் பெயர் 'சான்-கியுலோத்' என்று மாறியது. அதற்குப் பிறகுதான் 'ஒரியான்'. சுஃப்ரேனிடம் இருந்த 'ஒரியான்' வேறு, பழைய கப்பல். அது கீழே வரும்.

இரண்டு முனைகளையும் கட்டிவிட்டு நடுவே நிரப்புங்கள்

பேரேட்டின் கட்டங்கள் நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: தேதி, இடம், காற்று, மரமும் பாயும், அடிப்பகுதி, ஆட்கள், 'யார் சொன்னது'. கடைசிக் கட்டத்தை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். யார் சொன்னது என்று எழுதாத வரி மூன்று மாதம் கழித்து உங்களுக்கே உதவாது.

முதல் வரி கடலில் இறங்கிய நாள். கடைசி வரி கப்பல் ஒழிந்த நாள். 'எரோ'வுக்கு அது 1793 டிசம்பர் 18. துலோனை விட்டு ஓடும்போது ஆங்கிலேயர்கள் ஆயுதக்கிடங்குக்கும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் தீ வைத்தார்கள். அதில் எரிந்தவற்றில் இதுவும் ஒன்று. பிரெஞ்சுத் தாளில் இந்த நாள் 'இரண்டாம் ஆண்டு, ஃபிரிமேர் 28' என்று இருக்கும். பிரெஞ்சுப் புரட்சியோடு வந்த இந்தக் குடியரசு நாட்காட்டிக்கு ஒரு மாற்றுப் பட்டியலை நோட்டின் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு முனைகளையும் எழுதியவுடனே ஒன்று தெரியும். கப்பலின் ஆயுள் ஏறக்குறைய பதினைந்து வருடம். சுஃப்ரேனோடு ஓடியது மூன்று வருடம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி துறைமுகத்தின் கதை. அதை எழுத துறைமுகத்தின் தாள்கள் வேண்டும்.

தாள்கள் எங்கே என்று கேட்பீர்கள். 1870-க்கு முந்தைய கடற்படைத் தலைமையகத்தின் ஆவணங்கள் பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் 'மரின் பி 4' என்ற தொகுதி படையெடுப்புகளுக்கானது. தளபதிகளின் கடிதங்களும் அறிக்கைகளும் அங்கேதான். கப்பல் ஆட்களின் பதிவேடுகள் 'சி 6'. நாளேடுகள் '4 ஜேஜே' வரிசையில். துறைமுகங்களின் தாள்கள் தனி. அவை பாதுகாப்புத் துறை வரலாற்றுப் பிரிவின் கிளைகளில், பிரெஸ்ட், ஷெர்பூர், லோரியான், ரோஷ்ஃபோர், துலோன் ஆகிய ஐந்து ஊர்களில் இருக்கின்றன. நம் கப்பலுக்குத் துலோன். எதிர்த்தரப்பு ஏடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். ஆங்கிலக் கேப்டன்களின் நாளேடு 'ஏடிஎம் 51', கப்பலுக்கு வழி பார்க்கும் அதிகாரிகளான மாஸ்டர்களின் நாளேடு 'ஏடிஎம் 52'. பாரிஸுக்குப் போக முடியாதவர்கள் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிக்கா' இணைய நூலகத்தில் ஆரம்பிக்கலாம். அச்சான பழைய கடிதத் தொகுப்புகளும் அரசிதழ்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கும். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன்.

தேதியும் அளவும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். கணக்கு கெடுவது இங்கேதான்.

பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கையெழுத்தில் மாதப் பெயரைச் சுருக்கி எழுதுவார்கள். 7 என்ற எண்ணைப் போட்டுப் பக்கத்தில் 'ப்ர' என்று முடித்திருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 'செத்' என்றால் பிரெஞ்சில் ஏழு. அதனால் ஏழைப் போட்டு 'செத்தாம்ப்ர' என்று படிப்பார்கள். அப்படியே 8 என்றால் அக்டோபர், 9 நவம்பர், ரோமன் எண்ணில் பத்து இருந்தால் டிசம்பர். இத்தனை வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த நானே திருகோணமலைச் சண்டையை ஜூலை 3 என்று குறித்தேன். அதே மாதம் 6-ஆம் தேதி நாகப்பட்டினத்தில் சண்டை என்று அடுத்த வரி வந்தபோதுதான் உறைத்தது. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு பெரிய சண்டையா? நடு மரம் முறிந்த கப்பல் மூன்றாம் நாள் எப்படி வரிசையில் நிற்கும்? இப்படி வரிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது தவறு தானாக வெளியே வரும். பேரேடு போடுவதன் பலனே அதுதான்.

ஆங்கில நாளேட்டில் இன்னொரு பொறி உண்டு. கப்பலின் நாள் நள்ளிரவில் தொடங்காது, மதியத்தில் தொடங்கும். அதுவும் கரையில் உள்ளவர்களுக்குப் பாதி நாள் முன்னதாகவே. கரையில் செப்டம்பர் 3 பிற்பகல் என்றால் கப்பல் ஏட்டில் அது செப்டம்பர் 4. திருகோணமலைச் சண்டை பிற்பகலில் தொடங்கி இருட்டும்வரை நடந்தது. ஆகவே ஆங்கில ஏட்டில் 4 என்றும் பிரெஞ்சுக் கடிதத்தில் 3 என்றும் பார்த்தால் இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் சரி. நோட்டில் கரைத் தேதியை மட்டும் எழுதி, ஏட்டுத் தேதியைப் பக்கத்தில் பென்சிலால் குறியுங்கள்.

தீர்க்கரேகை: பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸிலிருந்து எண்ணினார்கள். கிரீனிச் கணக்குக்கு மாற்ற 2 பாகை 20 கலை கூட்ட வேண்டும். கடலூர் இன்றைய கணக்கில் கிழக்கே 79 பாகை 46 கலை, பாரிஸ் கணக்கில் 77 பாகை 26 கலை. கூட்ட மறந்தால் கடலூர் முன்னே நங்கூரம் போட்ட கப்பல் மேட்டூரையும் தாண்டி மலைமேல் நிற்கும்.

அளவுகளும் அப்படித்தான். பிரெஞ்சு அடி 32.48 சென்டிமீட்டர், ஆங்கில அடி 30.48. ஒரு கப்பலின் நீளம் 170 அடி என்று தாளில் இருந்தால் பிரெஞ்சுக் கணக்கில் 55.2 மீட்டர், ஆங்கிலக் கணக்கில் 51.8 மீட்டர். ராத்தலும் வேறு. பிரெஞ்சு ராத்தல் 489.5 கிராம், ஆங்கில ராத்தல் 453.6 கிராம். பிரெஞ்சு 74 பீரங்கிக் கப்பலில் கீழ்த்தட்டில் 36 ராத்தல் குண்டு போடும் பீரங்கிகள் 28, மேல்தட்டில் 18 ராத்தல் பீரங்கிகள் 30, முன்னும் பின்னும் உள்ள உயர்தட்டுகளில் 8 ராத்தல் பீரங்கிகள் 16. கூட்டினால் 74. கீழ்த்தட்டுக் குண்டு ஒன்றின் எடை 17.6 கிலோ. அதைக் கையில் தூக்கி, ஆடுகிற தட்டில், புகைக்குள் நின்று பீரங்கி வாயில் போட்டவர்களை நினைத்துக்கொண்டே அந்த எண்ணை எழுதுங்கள்.

கையெழுத்தைப் படிக்க ஒரு வாரம் பழக வேண்டும், அவ்வளவுதான். பழைய நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். இன்று 'ஏ-ஐ' என்று எழுதும் வினைமுடிவுகளை அன்று 'ஓ-ஐ' என்று எழுதினார்கள். ஊர்ப்பெயர்களில் நமக்குத்தான் வசதி. 'கூதெலூர்' என்று படித்தவுடன் நமக்குக் கடலூர் என்று காதில் விழுந்துவிடும். 'போர்த்தோநோவோ' பரங்கிப்பேட்டை, 'சத்ராஸ்' சதுரங்கப்பட்டினம், 'இல் தெ பிரான்ஸ்' மொரிஷியஸ்.

இரண்டு பக்கத்தையும் கேளுங்கள்

ஒரு சண்டை நாளுக்கு எப்போதும் இரு தரப்பிலிருந்தும் குறைந்தது ஒவ்வொரு தாள் வேண்டும். ஏன் என்பதற்கு 1782 ஜூலை 6, நாகப்பட்டினம். சுஃப்ரேன் படையில் 'செவேர்' என்ற 64 பீரங்கிக் கப்பல் அன்று மாட்டிக்கொண்டது. அதன் கேப்டன் கொடியை இறக்கச் சொன்னார். கடற்போரில் கொடியை இறக்கினால் சரணடைந்ததாகப் பொருள். கீழிருந்த அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. கொடியை மறுபடி ஏற்றிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். சண்டைக்குப் பிறகு ஹியூஸ் ஓர் அதிகாரியை அனுப்பி, சரணடைந்த கப்பலை ஒப்படையுங்கள் என்று கேட்டார். கொடிக்கயிறு குண்டில் அறுந்து கொடி விழுந்தது, நாங்கள் சரணடையவில்லை என்று சுஃப்ரேன் பதில் சொல்லிவிட்டார். ஆங்கிலத் தாளை மட்டும் படித்தால் பிரெஞ்சுக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதுவீர்கள். சுஃப்ரேனின் பதிலை மட்டும் படித்தால் அறுந்த கயிற்றை எழுதுவீர்கள். பேரேட்டில் நான் எழுதியது இது: 'கொடி இறங்கியது, மறுபடி ஏறியது. ஏன் இறங்கியது என்பதில் இரு தரப்பும் வேறு வேறு சொல்கின்றன.' ஹியூஸ், சுஃப்ரேன், 'செவேர்' கப்பலின் ஆட்கள் என மூவர் பேச்சையும் அடுத்த பக்கத்தில் தனித்தனியாக எழுதினேன்.

கடிதத்தையும் நாளேட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். திருகோணமலைச் சண்டைக்குப் பிறகு சுஃப்ரேன் தன் கேப்டன்கள்மேல் கொதித்துப்போய்க் கடற்படை அமைச்சருக்கு எழுதினார். அந்த மாதமே நாலு கேப்டன்கள் கப்பலை விட்டு இறங்கினார்கள். அந்தக் கடிதத்தில் கோபம் உண்மை, ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி அல்ல. காற்று எந்தத் திசை, எத்தனை பாய் விரித்தார்கள், எப்போது மரம் விழுந்தது என்பதை நாளேடுதான் சொல்லும். கோபமாக எழுதும் மனிதர் காற்றின் திசையைக் குறிப்பது அபூர்வம்.

இன்னொரு தவறு, தளபதியின் கதையைக் கப்பலின் கதையாக எழுதுவது. 1783 ஜூன் 20, கடலூர் முன்னே கடைசிச் சண்டை. 15 பிரெஞ்சுக் கப்பல்களும் 18 ஆங்கிலக் கப்பல்களும் மோதின. 'எரோ' வரிசையில் நின்று சண்டையிட்டது. சுஃப்ரேன் அதில் இல்லை. தளபதிகள் ஃபிரிகேட் எனப்படும் சின்ன, வேகமான போர்க்கப்பலிலிருந்து கட்டளையிட வேண்டும் என்று மன்னரின் உத்தரவு வந்திருந்ததால் 'கிளெயோபாத்ர்' என்ற ஃபிரிகேட்டுக்கு மாறியிருந்தார். 'அன்று சுஃப்ரேன் தன் எரோவின் தட்டில் நின்று' என்று எங்காவது படித்தால், எழுதியவர் பேரேடு போடவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

நின்ற நாட்கள்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வேலைக்கு வருகிறேன். சண்டைகளுக்கு நடுவில் உள்ள வெற்றுக் கட்டங்களை நிரப்புவது.

1782 ஏப்ரல் 12, இலங்கையின் கிழக்குக் கரையோரம் புரோவிதியேன் பாறைக்கு அருகே சண்டை. 'மொன்மத்' என்ற ஆங்கிலக் கப்பல் நடு மரமும் பின் மரமும் முறிந்து நின்றது. பிரெஞ்சுப் பக்கமும் அடி பலம். அப்புறம் என்ன நடந்தது? இரண்டு படைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே அதே கரையோரத்தில் நங்கூரம் போட்டு ஒரு வாரம் பழுது பார்த்தன. ஏப்ரல் 19 வரை. ஒருவருக்கும் மறுபடி மோத வலு இல்லை. சண்டை நாள் ஒரு வரி, அந்த வாரம் ஏழு வரி. எனக்கு அந்த ஏழு வரிதான் கப்பலின் நிலையைச் சொன்னது. அங்கிருந்து பிரெஞ்சுப் படை மட்டக்களப்புக்குப் போனது. அப்போது அது டச்சுக்காரர்கள் கையில். மே மாதம் முழுக்க அங்கேதான். நோயாளிகளைக் கரையில் இறக்கவும் தண்ணீர் பிடிக்கவும் இடம் கிடைத்தது.

ஏன் புதுச்சேரி இல்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். 1778 அக்டோபரிலேயே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டது. 1785-இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆகவே சுஃப்ரேனுக்குச் சொந்தத் துறைமுகம் மொரிஷியஸில்தான். 1782 மார்ச்சில் பரங்கிப்பேட்டையில் படைவீரர்களை இறக்கி, ஏப்ரலில் ஹைதர் அலியின் உதவியோடு கடலூரைப் பிடித்த பிறகுதான் கரையில் கால் ஊன்ற ஓர் ஊர் கிடைத்தது. ஜூலை 26 அன்று ஹைதரைச் சந்தித்தார். ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலைக் கோட்டைகளைப் பிடித்தார். அதன்பிறகுதான் புயலுக்கு ஒதுங்க ஒரு நல்ல துறைமுகம்.

மரத்துக்குத்தான் பெரிய பஞ்சம். 74 பீரங்கிக் கப்பலின் நடு மரத்துக்கு வேண்டிய நீளமும் பருமனும் உள்ள மரம் நம் கரையில் கேட்டவுடன் கிடைக்காது. செப்டம்பர் 3 அன்று 'எரோ'வின் நடு மரம் கொடியோடு சேர்ந்து விழுந்தது. சரணடைந்ததாக எதிரி நினைத்துவிடக் கூடாது என்று வெள்ளைக் கொடிகளைக் கப்பலைச் சுற்றிலும் கட்டச் சொல்லி சுஃப்ரேன் கத்தியதாகச் சொல்வார்கள். அன்றைய பிரெஞ்சுக் கடற்படைக் கொடி வெள்ளை என்பதை நினைவில் வையுங்கள். 'இல்லுஸ்த்ர்' என்ற கப்பலுக்கும் மரம் போயிற்று. செப்டம்பர் 7 இரவையொட்டித் திருகோணமலைக்குள் நுழையும்போது அந்தப் பழைய 'ஒரியான்' பாறையில் ஏறி அழிந்தது. கப்பல் போயிற்று, ஆனால் அதன் பாய்மரங்களைக் காப்பாற்றி எடுத்தார்கள். மரமிழந்த இரண்டு கப்பல்களுக்கும் அவைதான் கைகொடுத்தன.

இந்த ஒரு வரிக்காக நான் மூன்று கப்பல்களின் பக்கங்களை அருகருகே விரித்து வைத்தேன். 'ஒரியான்' பக்கத்தில் 'இழப்பு'. 'எரோ' பக்கத்தில் 'மரம் வந்தது'. 'இல்லுஸ்த்ர்' பக்கத்திலும் அப்படியே. ஒரு கப்பலின் கணக்கு மட்டும் போட்டிருந்தால் 'எரோ' எப்படி ஒரு மாதத்துக்குள் மறுபடி ஓடியது என்பது புரிந்தே இருக்காது. ஆகவே உங்கள் கப்பலோடு ஓடிய கப்பல்களுக்கும் ஆளுக்கொரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

காற்றுக் கட்டத்தை நிரப்ப நம் ஊர் அறிவு போதும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையிலிருந்து கடலூருக்கு வருவது சுலபம், திரும்பப் போவது பாடு. அக்டோபரில் வாடை திரும்பினால் இந்தக் கரையில் பெரிய கப்பல் நிற்க முடியாது, ஒதுங்க இடமே இல்லை. 1782 அக்டோபர் 4 அன்று கடலூர் அருகே கரைக்கு மிக நெருங்கி வந்து 'பிசார்' என்ற 64 பீரங்கிக் கப்பல் தட்டி அழிந்தது. எங்கள் ஊர்க் கடலைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. அந்த மாரிக்கு ஆங்கிலப் படை பம்பாய்க்குப் போனது. சுஃப்ரேன் சுமத்ராவில் உள்ள அச்சேவுக்குப் போனார். நவம்பர் தொடக்கத்தில் போய், டிசம்பர் 20 வாக்கில் கிளம்பினார். 1783 ஜனவரியில் கஞ்சம் அருகே 'கவன்ட்ரி' என்ற ஆங்கில ஃபிரிகேட்டைப் பிடித்தபோதுதான், டிசம்பர் 7 அன்றே ஹைதர் இறந்துவிட்ட செய்தி அவருக்குத் தெரிந்தது. ஒரு செய்தி கப்பலுக்கு எந்த நாளில் எட்டியது என்பதையும் எழுதுங்கள். நடந்த நாள் வேறு, தெரிந்த நாள் வேறு. கடலூரின் கடைசிச் சண்டை நடந்தபோது ஐரோப்பாவில் சமாதானத்துக்கு ஏற்கெனவே கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி வந்து சேர்ந்தது ஜூன் 29.

ஆட்கள் கட்டம்

74 பீரங்கிக் கப்பலில் ஏறக்குறைய 700 பேர். ஆட்கள் பதிவேட்டில் பெயர், சொந்த ஊர், வேலை, சம்பளம், ஏறிய நாள், இறங்கிய நாள் இருக்கும். பெயருக்கு எதிரே இறந்தார், ஆஸ்பத்திரியில் விடப்பட்டார், ஓடிவிட்டார் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். மொத்தத்தை மட்டும் கூட்டாதீர்கள். மாதவாரியாக எத்தனை பேர் குறைந்தார்கள் என்று எண்ணுங்கள். சண்டையில் செத்தவர்களைவிட நீண்ட பயணத்தின் முடிவில் நோயில் விழுந்தவர்கள் எத்தனை என்பது அப்போது கண்முன் நிற்கும். பீரங்கிக்கு ஆள் போதாமல், 1783 ஜூன் சண்டைக்கு முன் கடலூர்க் கரையிலிருந்து ஐரோப்பியரும் சிப்பாய்களுமாகச் சுமார் 1,200 பேரைப் படை முழுவதற்கும் ஏற்றினார்கள். அந்தச் சிப்பாய்கள் இந்த மண்ணின் ஆட்கள். பேரேட்டில் அவர்களுக்குத் தனி வரி கொடுங்கள்.

தமிழ் படிக்கத் தெரிந்த நமக்கு ஒரு பேறு உண்டு. புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதினார். கப்பல் வந்த நாள், மரியாதைக்குப் போட்ட பீரங்கி, சலங்கு என்ற கரைப்படகில் இறங்கிய ஆட்கள் எல்லாம் அதில் வருகின்றன. 1746-இல் சென்னையைப் பிடிக்கப் போன லாபூர்தொனேயின் கப்பல்களை எழுதுகிறவர்கள் அதைப் படிக்காமல் எழுதக் கூடாது. நம் 'எரோ'வின் காலத்துக்கு இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு, 1778 முதல் 1792 வரை. பாரிஸில் உட்கார்ந்து எழுதுகிற எத்தனையோ பேருக்கு எட்டாத சாட்சி அது. கரையில் நின்றவர்கள் என்ன பார்த்தார்கள், என்ன கேள்விப்பட்டார்கள் என்ற பக்கத்தை நாம்தான் எழுத முடியும்.

எழுதி முடிக்கும்போது

பேரேட்டை அப்படியே கட்டுரையாக்க வேண்டாம். சண்டை நாளுக்கு ஒரு பத்தி, பழுது பார்த்த மாதத்துக்கு இரண்டு பத்தி என்று நான் வைத்துக்கொண்டேன். தெரியாத நாட்களை 'பின்னர்', 'சில காலம் கழித்து' என்று மூடி மெழுகாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தாள் இல்லை என்று நேராக எழுதுங்கள். அடுத்து வருகிறவருக்கு அது பெரிய உதவி. உறுதியான வரியை மையாலும் ஒரே ஒரு சாட்சி உள்ள வரியைப் பென்சிலாலும் எழுதும் வழக்கத்தைக் கடைசிவரை விடாதீர்கள்.

என் நோட்டில் இப்போது 1,100 நாட்களில் 700-க்குச் சற்று மேல் மையில் இருக்கிறது. அச்சேயில் கிடந்த ஏழு வாரங்கள் இன்னும் பென்சில்தான். இந்த மாரிக்காலத்தில் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்: அங்கே கப்பலின் அடிப்பகுதியைச் சுரண்டினார்களா, எத்தனை பேரைக் கரையில் புதைத்தார்கள், 'ஒரியான்' கொடுத்த மரம் வாடைக்காற்றைத் தாங்கியதா.